மூடுபனி வரைந்த அட்டைப்படம்

ஏற்காட்டில் என் ஓவியங்களை வாங்காதவர்களில் என் மாமனாரும் அடக்கம். சமூக வலைத்தளத்தில் முடித்த படங்களாகப் போட்டுப் பார்த்தேன். மனைவி மட்டும் லைக் போட்டாள்.

இதோடு தூரிகையை மூட்டை கட்டிவிடலாம் என்றிருந்த காலையில், சன்னல் வழியே புகுந்த மூடுபனியில், முந்தின நாள் வரைந்த ஏரிப்படத்தின் வண்ணம் காயாமல் வழிந்தது. படத்தை உலர்த்த அடுப்பருகே பிடித்துக்கொண்டு பனியைக் கண்டபடி திட்டினேன். மனைவி நான் திட்டுவதை வீடியோ எடுத்து வலைத்தளத்தில் போட்டுவிட்டாள்.

“என் மானமே போச்சு.”

“ஏனுங்க, இருந்தாத்தானுங்க போறதுக்கு.”

மாலைக்குள் ஊர் உலகமே அதைப் பார்த்துவிட்டது. சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் அழைத்தார். “எங்க சிறுவர் கதைக்கு நீங்கதான் சார் வரையணும். அந்த வழிஞ்ச ஏரிதான் அட்டை.”

புத்தகம் வந்தது. மாமனார் இரண்டு பிரதி வாங்கினார். நான் ஒளிக்க நினைத்த திணறலைத்தான் ஊர் விரும்பியிருக்கிறது. இப்போது வரைய உட்கார்ந்தால் முதலில் சன்னலைத் திறந்துவைக்கிறேன்.