எழுபதில் எழுந்த கோடு

மீத்தேன் ஒரு பிடிவாதக்கார வாயு. நடுவில் ஒரு கார்பன், சுற்றி நான்கு ஹைட்ரஜன். லேசில் பிடியை விடாது. காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கூண்டுக்குள் இரும்பு அயனிகளை அதன்மேல் ஏவி, இரண்டு ஹைட்ரஜனையாவது பிடுங்க வைப்பதுதான் என் ஆராய்ச்சி. பிடுங்கிவிட்டால், மிச்சத்தோடு ஒட்டிக்கொண்ட இரும்பின் எடை எழுபது. எடையைக் காகிதத்தில் கோடாக வரையும் ரெக்கார்டர் பேனா எழுபதில் எழும்பினால் எனக்குப் பட்டம். இல்லாவிட்டால் அம்மா சொல்லிக்கொண்டிருந்த பாங்க் பரீட்சை.

கூண்டைக் காலி செய்ய பம்ப் இரண்டு நாள் ஓடவேண்டும். அதற்குள் ஹைதராபாத்தில் கரண்ட் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. நான்கு வருஷம் இதே பிழைப்பு, அலுத்துவிட்டது. அதனால்தான் ஒருநாள் பேனா எழுபதில் விருட்டென்று எழும்பியபோது, மீத்தேனை மூடிவிட்டு ஒருமுறை பார்க்கவேண்டும் என்கிற பாலபாடத்தைக்கூட நான் செய்யவில்லை. புரொபசர் கட்டுரையை டைப்புக்கே கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் எங்கள் மெக்கானிக், ‘ஆமாம்’ என்பதற்குக்கூட ‘ஹவ்’ என்று சொல்லும் செகந்தராபாத் தமிழர், சிலிண்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கேஸ் காலி மேடம். நேத்தே காலி."

"விளையாடாதீங்கண்ணே. கோடு வந்துட்டிருக்கே!"

"மஜாக் நக்கோ மேடம், விளையாட்டில்ல, நிஜமாவே காலி."

மீத்தேனே இல்லை, எழுபது மட்டும் ஜம்மென்று நிற்கிறது. கூண்டைப் பிரித்தோம். நாச்சாரம் பட்டறையில் கடைந்து வாங்கி உள்ளே மாட்டிய தட்டின் ஓரத்தில் பளபளவென்று என் கட்டைவிரல் ரேகை. கையுறை கிழிந்துபோனதால் வெறுங்கையால் மாட்டியிருந்தேன். காலையில் தலைக்குத் தடவிய தேங்காயெண்ணெய்! எண்ணெய் சூட்டில் சிதறினாலும் எழுபது எடையில் துண்டு விழும். தட்டைக் கழுவி மாட்டினோம். எழுபதைக் காணோம்.

"நான் தொட்டேன்னு சொல்லிடுங்க மேடம். ரெண்டு திட்டு வாங்கிக்கிறேன்."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் தலையில் எண்ணெய் வைக்க ஒரு முடி கிடையாது. நானே போய்ச் சொன்னேன். புரொபசர் திட்டவில்லை. டைப் அடித்த தாள்களை வரவழைத்து, என் முன்னால் நான்காகக் கிழித்தார். அழக்கூடத் தெம்பில்லை எனக்கு.

இன்னொரு வருஷம். சுத்தமான தட்டு, புது கையுறை, நிறைய மீத்தேன். பேனா எழுபதில் அசையவே இல்லை. அதையே எழுதிக் கொடுத்தேன், பட்டம் கொடுத்தார்கள்.

கிளம்பும் நாளில் மெக்கானிக் கேட்டார்: "கடைசில என்னதான் கண்டுபுடிச்சீங்க மேடம்?"

"இரும்பால மீத்தேனை ஒண்ணும் பண்ண முடியலைன்னு."

"முடியலைன்னு சொல்றதுக்கா அஞ்சு வருஷம்?"

"ஹவ் அண்ணே," என்றேன்.