திரும்பி நிற்கிற மாமா

நாணயக் கண்காட்சியில் வாங்கிய ரோமானிய மாகாணக் காசைத் தேய்த்து முகர்ந்ததும், திண்டுக்கல்லில் எங்கள் அத்தா பூட்டுக்குப் பித்தளை வார்த்த பட்டறையின் வாசனை வந்துவிட்டது. இப்போது அங்கே பிரியாணிக் கடை. பழைய சாமான்களோடு கரூர் ஆற்றுமணலில் கிடைத்த ரோமக் காசுகளும் வரும், அவற்றை உலையில் போடுமுன் அத்தா எங்களிடம் நீட்டுவார்: “யாருன்னு சொல்லு, வச்சுக்க.”

ராஜாக்களை யாருக்குத் தெரியும்? மூக்கு நீண்டால் மாமா, தாடை தொங்கினால் பெரியம்மா, முகமே தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தால் திரும்பி நிற்கிற மாமா என்று நானும் அக்காவும் போட்டிபோட்டுக் கத்துவோம். அத்தா சிரித்துச் சிரித்தே அத்தனையையும் உலைக்குத் தப்பவிடுவார்.

இன்று வாங்கியதிலும் முகம் தேய்ந்து போயிருந்தது; எந்தப் பேரரசன் என்று எத்தனை புத்தகம் புரட்டியும் பிடிபடவில்லை. அக்காவுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“ஏலே, நம்ம மாமா! இம்புட்டு நாளா எங்க இருந்தாராம்?”