கீழ் வீட்டுக்காரருக்கு எதற்கு மாடிப்படி?

“உங்க தமிழ் அண்ணன் மாடிப்படி ஏறிப் பழகணும்னு அடம் பிடிக்கிறார். கீழ் வீடுன்னுதானே நீ சொன்னே?” என்று பிசியோதெரபிஸ்ட் சுபர்ணாதி வங்காள மொழியில் கேட்டபோது எனக்கு இருந்த சந்தேகம் இரட்டிப்பானது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். பவானிபூரில் ஒரு தனியார் மருத்துவமனை. என் அப்பா ஹவுரா பட்டறையில் கூலி, கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சில வருடம் வார்டு நர்ஸாக இருந்துவிட்டு, வெள்ளைக் கோட்டும் பேட்ஜுமாகக் கேஸ் மேனேஜர் ஆனபோது என் நடையே மாறிவிட்டது என்று தோழிகள் கிண்டல் செய்தார்கள். மாறத்தான் செய்தது.

வேலை இதுதான்: டிஸ்சார்ஜ் ஆகிற நோயாளியை வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், கட்டில் எங்கே, கழிவறை எப்படி என்று முன்கூட்டியே கேட்டுச் சரிசெய்வது. டாக்டர் எலும்பைச் சேர்ப்பார். அது மறுபடி உடையாமல் பார்ப்பது எங்கள் பாடு.

பெருமாள் கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் பிரிவுத் தொழிலாளி. வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. சுபர்ணாதி வருவதற்கு முதல் நாள்தான் அவர் மனைவி ராஜம்மாளிடம் பேசியிருந்தேன்.

“வீட்டுல எத்தனை பேரும்மா?”

“நாங்க ரெண்டு பேருதான்.”

“எத்தனை ரூம்?”

“இன்னாத்துக்கு மேடம் ரூம் கணக்கெல்லாம்?”

“கட்டில் போட இடம் வேணுமே.”

“போர்ட் குவார்ட்டர்ஸு. கீழ் வீடு, ரெண்டு ரூமு. இடத்துக்கு இன்னா பஞ்சம்?”

பதில் சொல்லும்போதெல்லாம் என் பேட்ஜையே பார்த்தார். வீட்டை வந்து பார்க்கட்டுமா என்றதும், “பூட்டிக் கெடக்குது” என்று எழுந்துவிட்டார். புருஷனைத் திரும்பக் கூட்டிப்போக மனமில்லையோ, அவரைத் தள்ளிவிட்டதே இவர்தானோ என்றுகூட என் புத்தி போனது.

சுபர்ணாதி சொன்னதும் நேராகப் பெருமாளிடம் போனேன்.

“ஐயா, படி எதுக்கு?”

“சும்மாதாம்மா. ஆஸ்பத்திரி வாசல்ல படி இருக்குதில்ல?”

“சக்கர நாற்காலியில சாய்வுப் பாதை வழியாக் கூட்டிட்டுப் போவோம்.”

கண்ணை மூடிக்கொண்டார். கைகள் மட்டும் கட்டிலின் பக்கக் கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தன, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. மாடிப்படியில் யாரும் அப்படி ஏறுவதில்லை.

அன்று மதியம் வார்டு ஆயா மாஷி என் காதில் ஒன்று போட்டார். ராஜம்மாள் அரைகுறை இந்தியில் அவரிடம், “இந்தப் பொண்ணு போர்ட் ஆபீஸ் விஜிலென்ஸா?” என்று விசாரித்தாராம்.

என் கேள்விகளை எனக்கே சொல்லிப் பார்த்தேன். எத்தனை பேர், எத்தனை அறை, வந்து பார்க்கட்டுமா. குவார்ட்டர்ஸில் உள்வாடகைக்கு ஆள் வைத்தவர்களைப் பிடிக்க வருகிறவர்களும் இதையேதான் கேட்பார்கள்.

கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய், ராஜம்மாளின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“அக்கா, நான் நர்ஸு. நீங்க வீட்டுல யாரை வச்சிருந்தாலும் எனக்கு அது வேணாம். ஏணி ஏறி அவர் எங்க படுக்கணும்? அதை மட்டும் சொல்லுங்க.”

“ஏணின்னு யாரு சொன்னது?”

“அவர் கை சொல்லுச்சு.”

“இப்போ அக்கான்னுவே. அப்பால ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா குவார்ட்டர்ஸும் போயிடும், வேலையும் போயிடும்.”

“அவர் ஏணியிலேர்ந்து விழுந்தா அப்புறம் எந்திரிக்கவே மாட்டார், அக்கா. வேலை எங்கேர்ந்து வரும்?”

ராஜம்மாள் எழுந்து முந்தானையை உதறிச் செருகினார். பிறகு, “கோட்டு போட்டுக்கினு வராதே” என்றார்.

கோட்டில்லாமல் போய்ப் பார்த்தேன். கீழ் வீடு என்றது பொய்யில்லை. இரண்டு அறையிலும் பீகார் லாரி டிரைவர் ஒருவரின் குடும்பம். பெருமாளும் ராஜம்மாளும் சமையலறைக்கு மேலே பலகைப் பரணில் படுத்தார்கள். அங்கே போக ஒரு மர ஏணி. விழுந்ததும் அதிலிருந்துதான். டிரைவர் பாதிக் கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, சர்க்கார் ஆளா என்று இந்தியில் கேட்டார். இடுப்பு எலும்பைப் பற்றிக் கையால் காட்டி விளக்கிய பிறகே கதவு முழுதாகத் திறந்தது. முன்னறையைக் காலி செய்துகொடுத்து, தானே பரணில் படுப்பதாக ஒப்புக்கொண்டார். கட்டிலை உயர்த்திப் போட்டோம். பெருமாள் குந்தி உட்காரக் கூடாது என்பதால் கழிவறைக்கு, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று ஏற்பாடு செய்தேன். அதன் பிறகே டிஸ்சார்ஜுக்குச் சம்மதம் சொன்னேன்.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்களுக்குச் சொல்வது இதுதான்: எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், கேள்வி பிறகு. நாம் அக்கறை என்று நினைத்துக் கேட்பது எதிரில் இருப்பவருக்கு விசாரணையாக விழும். அப்படிக் கேட்டு வாங்கிய பதிலை நம்பி ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

சில வாரம் கழித்துப் பார்க்கப் போனபோது பெருமாள் வாக்கரோடு குழாயடிவரை நடந்து வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் வாசலுக்கு வந்து, யார் இது என்று கேட்டாள்.

“எங்க அண்ணன் பொண்ணு. ஹவுராவுல இருக்குது” என்றார் ராஜம்மாள், கண் சிமிட்டாமல். என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்கயும் ஒண்ணும் சொல்லலியே நீ?”

“சொல்லல, அத்தை.”