அம்மாவுக்குச் சென்னை, எனக்குக் குன்னூர்

அம்மா கண்புரை ஆபரேஷனுக்காகத்தான் குன்னூரிலிருந்து சென்னைக்கு வந்தாள். என் வாடகை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டை அவிழ்த்த மறுநாள் நாலாவது மாடி பால்கனியில் நின்று தெருவைப் பார்த்தவள், "ஏன் கண்ணு, இந்த ஊரு எவ்வளவு சமமா இருக்குது பாரு" என்றாள்.

சென்னையை யாரும் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் மாதா கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஏறி இறங்கியே மூட்டு தேய்ந்த ரிட்டயர்டு டீச்சர் அவள். எங்கள் ஊரில் பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. மேல் வீடு, கீழ் வீடுதான். கடுகு தீர்ந்துபோனால்கூடப் படியிறங்க வேண்டும். இங்கே லிஃப்டில் இறங்கி, தட்டையான தெருவில் நாலு எட்டு வைத்தால் கடை. அன்று சாயங்காலம் தேவையே இல்லாமல் மூன்று தடவை கடைக்குப் போய்விட்டு வந்தாள்.

அடுத்த அதிசயம் துணி. காலையில் உலர்த்திய புடவை மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டதைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். குன்னூரில் மழைக்காலத்தில் கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்துத் துணியைக் காயவைத்து, புகைவாசத்தோடு பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். அப்புறம் இட்லி மாவு. ஊரில் மாவுப் பாத்திரத்துக்கு ஸ்வெட்டர் சுற்றி, கம்பளி போர்த்தி, குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாலும் அது பொங்காது. சென்னையில் முதல் நாளே மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. மேடையைத் துடைத்தபடி அம்மா சிரித்த சிரிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம். அவளை நிஜமாகவே வீழ்த்தியது வேறு. ஒருநாள் நான் ஆபீஸிலிருந்து வரும்போது அம்மா முனை ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, "யாருமே திரும்பிப் பாக்கலை கண்ணு" என்று கிசுகிசுத்தாள். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் டீச்சர் பரோட்டா தின்றால், அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் எத்தனை பரோட்டா, சேர்வாவா குருமாவா என்பதுவரை தெருவுக்கே தெரிந்திருக்கும்.

பத்து நாள் ஒரு மாதமாகி, மூன்று மாதமாயிற்று. என் படுக்கையறை அவளுடையது ஆனது. நான் ஹாலில் வியர்த்துக்கொண்டு படுத்தேன். எனக்கு ஏசி இல்லாமல் முடியாது, அவளுக்கு அதில் குளிருமாம், "குளிருக்கா நான் இங்க வந்தேன்?" என்பாள். அந்தச் சமயம் எங்கள் ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். அம்மா உடனே, "ஊடு சும்மா பூட்டித்தான கெடக்குது? நீ வேணா போய் இரு" என்றாள். சொந்த வாடகை வீட்டிலிருந்து இவ்வளவு மரியாதையாகத் துரத்தப்பட்டவள் நானாகத்தான் இருக்கும்.

குன்னூரில் முதல் வாரம் சொர்க்கம். கம்பளிக்குள் தூக்கம், ஜன்னலில் பனி, ஹாரன் சத்தம் இல்லை. இரண்டாம் வாரம் விசாரணை ஆரம்பமானது. பால்காரர் கேட்டார், கேஸ்காரர் கேட்டார், மேல்வீட்டு அக்கா தன் வாசலிலிருந்தே என் சமையலறையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "ஏன் பாப்பா, அம்மா எப்ப வர்றாங்க?" வரமாட்டார்கள் என்றேன். அதுதான் தப்பாகிவிட்டது. வேலை போய்விட்டது, கட்டிக்க மாப்பிள்ளை கிடைக்கவில்லை, பெற்றவளை வெயிலில் தள்ளிவிட்டு வீட்டைப் பிடித்துக்கொண்டாள் என்று என் கதை மார்க்கெட் வரை இறங்கி, மெருகேறித் திரும்பி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குத் தந்தையே வந்துவிட்டார். கூடவே தெரு ஜெபக்குழுவின் தலைவியும் மேல்வீட்டு அக்காவும். டீ குடித்துவிட்டு ஃபாதர் தொண்டையைச் செருமினார்.

"பெத்த தாய்ம்மா. கோவத்துல நாலு வார்த்தை பேசியிருப்பாங்க. அதுக்காக அங்க கொண்டுபோய் விட்டுட்டு வரலாமா?"

"நான் விட்டுட்டு வரலைங்க ஃபாதர். அவங்கதான் என்னை அனுப்பிவிட்டாங்க."

தலைவி ஃபாதரை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போனை எடுத்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

அம்மா எடுத்தாள். பின்னால் கடல். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, உடம்பில் மயில் நிறச் சுடிதார், கையில் கோன் ஐஸ். கொண்டையைக் காணோம், தலைமுடி தோளோடு நின்றது. அறுபது தாண்டிய என் அம்மாவை எனக்கே அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது.

"தோத்திரம் ஃபாதர்!" என்றாள், ஐஸ் இருந்த கையாலேயே கும்பிட்டு.

"பூசைக்கெல்லாம் போறீங்களா டீச்சர்?" ஃபாதருக்குக் கேட்க வேறொன்றும் தோன்றவில்லை போலும்.

"தவறாம போறனுங்க. இங்க கோயிலுக்கா பஞ்சம்? ஒரு எடத்துல பிரசங்கம் நீளமாப் போனா அடுத்த வாரம் வேற கோயிலுங்க."

ஃபாதர் டீ கிளாஸைப் பார்த்தார். கடைசியில் மேல்வீட்டு அக்கா போனருகே குனிந்து, "சுடிதார் எங்க எடுத்தீங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

அன்றோடு எனக்கு விடுதலை. ஊர் இப்போது அம்மா கெட்டுப்போனதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது.

அந்த வருஷக் கடைசியில் சென்னையில் விடாமல் மழை கொட்டியது. தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது, கரண்ட் இல்லை என்று அம்மா சொன்னதோடு போன் செத்துவிட்டது. மறுநாளும் கிடைக்கவில்லை. டிவியில் தெருவுக்குள் படகு ஓடுவதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் அவள் பெயர் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அதுதான் பெருமை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நான் திரும்பத் திரும்ப அவள் நம்பரையே அழுத்திக்கொண்டிருந்தேன்.

மேல்வீட்டு அக்காவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள், இறங்கி வந்துவிட்டாள். பின்னாலேயே ஜெபக்குழு. ஒருத்தி என் அடுப்பில் டீ போட்டாள், ஒருத்தி ஃப்ரிட்ஜைத் திறந்து "வெறும் முட்டைதான் இருக்குதா?" என்றாள், மற்றவர்கள் ஹாலில் ஜெபமாலை சொன்னார்கள். சென்னையாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அழுதிருப்பேன். இங்கே அழுவதற்கு இடமே விடவில்லை.

அக்காவின் கொழுந்தனார் பக்கத்து மலையூரான சோலூரிலிருந்து கேரட் லாரி ஓட்டுகிறவர். அன்று கோயம்பேட்டுக்கு லோடு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். அக்கா போனில் அவரை அதட்டினாள்: "கேரட்டை எறக்கிட்டு நேரா டீச்சர் ஊட்டுக்குப் போறீங்க. பாக்காம மட்டும் திரும்பி வந்துராதீங்க."

மறுநாள் மத்தியானம் அவர் கூப்பிட்டார். இடுப்பளவு தண்ணீரில் ஒரு பை கேரட்டோடு நடந்துபோய் மாடியேறியிருக்கிறார்.

"அம்மா நல்லா இருக்காங்க பாப்பா. கட்டடத்துல இருக்கற எல்லாரும் அம்மா ஊட்டுலதான் இருக்காங்க, ஒரே அடுப்புல சமையல். புள்ளைகளை வரிசையா உக்கார வெச்சு வாய்ப்பாடு சொல்லவெக்கறாங்க. என்னைப் பாத்ததும் 'கேரட்டைக் கழுவுனியா'ன்னு கேட்டாங்க."

அப்போதுதான் நான் அழுதேன். அக்கா படியேறிப் போய்த் தெருவுக்கே கேட்கும்படி சேதி சொன்னாள்.

தண்ணீர் வடிந்து போன் வந்தபின் அம்மா பேசினாள். "எல்லாரும் தங்கமான மனுசங்க கண்ணு. இருந்த சோத்தைப் பங்கு போட்டுத் தின்னோம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா இனி இங்க இருக்க முடியாது. கீழ எறங்குனாலே 'எங்க டீச்சர் கெளம்பிட்டீங்க'ங்கறாங்க. நேத்து பரோட்டா திங்கப் போனேன், ரெண்டாவது மாடிக்காரரு தொணைக்கு வந்துட்டாரு. நீ எனக்கு வேற ஊடு பாரு" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. நான் போய், மெட்ரோ பக்கத்தில் பிரம்மாண்டமான ஒரு குடியிருப்பில் வீடு பார்த்து, சாமான்களை மாற்றிக் கொடுத்தேன். பழைய கட்டடமே வாசலில் நின்று வழியனுப்பியது. அம்மா கண்கலங்கினாள். எல்லோரும் புது வீடு எங்கே என்று கேட்டபோது மட்டும் தெரு பெயரை மாற்றிச் சொன்னாள். வேர்க்குரு வந்த முதுகைச் சொறிந்துகொண்டே நான் மலையேறினேன்.

போன வாரம் பேசும்போது, புது வீட்டில் எதிர் ஃபிளாட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள், தினமும் நேரம் கழித்துத்தான் வருகிறாள் என்றாள்.

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"கதவுல ஓட்டை இருக்குதுல்ல. என்ன வேலை, கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டேன். முழுசா பதில் சொல்லாம போயிருச்சு. என்ன பழக்கமோ!"