வேனுக்குள் கவிதா, வெளியே அரிவாள்

போன வாரம் ஜவ்வாது மலைப் பாதையில், ஒரு வளைவில் வேன் ஒன்று நின்றிருந்தது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தன. உள்ளே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். வெளியே ஒரு ஆள். கையில் அரிவாள்!

பயந்துவிட்டீர்களா? அந்த வழியாக வந்தவர்களும் பயந்தார்கள்.

அந்த ஆள் முருகன். வாடகை வேன் ஓட்டுபவர். உள்ளே இருந்தது அவர் மனைவி கவிதா — என் சித்தி மகள். அவர்களுடைய கைக்குழந்தை, அவர்களைப் பார்க்கப் போய், எதிரே மதகின் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்த என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் கவிதா எனக்கு போன் செய்தாள். "அக்கா, இவளைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணல. யார்கிட்டயாவது குட்த்துட்டு எங்கியாவது போய்டலாமான்னு இருக்குது."

குரலில் அழுகைகூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. உடனே முருகனிடம் சொன்னேன். மறுநாளே மலையிறங்கி மனநல மருத்துவரிடம் காட்டினார். பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வு, சரியாகிவிடும் என்றார் மருத்துவர். மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை ஆலோசகர் போனில் பேசுவார் என்றும் ஏற்பாடு.

அங்கேதான் சிக்கல்.

பிள்ளை பெற்றவளைத் தனியாக விட்டால் காத்து கருப்பு அண்டிவிடும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. மருமகள் சோர்ந்து கிடப்பதைப் பார்த்ததும் மாமியார் காவலை இரட்டிப்பாக்கிவிட்டார். பாசம்தான்... முதல் போன் வந்தபோது அறைக்குள் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டம்மா. போன் ஸ்பீக்கரில்!

"எப்படி இருக்கீங்க கவிதா?" என்று கேட்டிருக்கிறார் ஆலோசகர்.

"நல்லாக்கீறாம்மா. வேளைக்கு வேளை துன்றா" — இது மாமியார்.

"தூக்கம் வருதா?"

"எங்க தூங்குறாங்க? எந்நேரமும் மோட்டுவளையத்தான் பாத்துனு கீறாங்க" — இது நாத்தனார்.

கவிதாவின் மனதைப் பற்றி அன்று எல்லோரும் பேசினார்கள்... கவிதாவைத் தவிர.

அவங்க தனியா பேசணும் என்று முருகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் ஆலோசகர். அந்தச் சின்ன வீட்டில் தனி இடம் ஏது? வேன்தான் இருந்தது. சிக்னல் விட்டுப்போகாத வளைவும் இருந்தது. மாமியார் ஒரே நிபந்தனையோடு அனுப்பினார். பிள்ளை பெற்றவள் வாசலைத் தாண்டினால் இரும்பு கூடவே போக வேண்டும். ஆகவே அரிவாள். அதைக் கீழே வைக்கவும் கூடாதாம்!

தலையில் சாமை மூட்டையோடு ஒரு அம்மா வந்தார். "இன்னா முருகா, அருவாளும் கையுமா நிக்கிற? யாரை வெட்டப் போற?"

"யாரையும் இல்ல பெரிம்மா. வூட்டுக்காரி உள்ள டாக்டரம்மாகிட்ட பேசுது. போன்ல."

"உடம்புக்கு இன்னா?"

முருகன் அரிவாளைக் கை மாற்றிக்கொண்டார். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். ஊர் முழுக்கப் பேச்சாகிவிடுமே என்று எனக்குத்தான் படபடத்தது.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. மனசுக்கு. புள்ள பொறந்ததுலருந்து சரியில்ல. மாத்திர சாப்புடுது. இப்போ பரவால்ல."

அந்த அம்மா மூட்டையை இறக்கி வைத்தார். வேனைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "எம் பொண்ணு செங்கத்துல கீறா. புள்ள பெத்ததுலருந்து ஒரே அழுவ. மந்திரிச்சும் பாத்தோம், கேக்கல. நீ காட்டுன ஆஸ்பத்திரி எங்க கீது?"

எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்த மாடி — எல்லாம் சொன்னார் முருகன். அரிவாளை நீட்டித் திசை காட்டியதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

கண்ணாடி இறங்கியது. கவிதாவின் முகம் வீங்கியிருந்தது. ஆனால் பார்வை நேராக என் மடிக்கு வந்தது.

"இன்னாக்கா, அவளை வெயில்ல வெச்சினு கீற? குடு இங்க!"

அவளாகக் குழந்தையைக் கேட்டதை நான் பார்த்தது அப்போதுதான். திட்டு வாங்கியதில் இவ்வளவு நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை.

திரும்பும்போது முருகனிடம் கேட்டேன். "உங்கம்மாகிட்ட இன்னா சொல்லப் போறீங்க?"

"அருவா நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லிடுறேன்க்கா."

சொல்லட்டுமே... மாத்திரையை நடுவில் நிறுத்தாத வரைக்கும், நல்ல பெயரை அரிவாளே வாங்கிக்கொண்டு போகட்டும்!