கறுப்புக் கட்டம் போட்ட அட்டை

பொறாமை எனக்குப் புதிதில்லை. பக்கத்து வீட்டு மாடித் தொட்டியில் ரோஜா பூத்தால்கூட எனக்கு வயிறு எரியும். ஆனால் அதெல்லாம் அரைமணி நேரத்தில் ஆறிவிடுகிற சமாச்சாரம். ஒரு வாழ்த்து அட்டையால் வந்த பொறாமை மட்டும் ஒரு வருடமாகியும் ஆறவில்லை.

நான் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை என் பட்டறையாகிவிடும். ரப்பர் ஸ்டாம்புகள், ஏழெட்டு நிறத்தில் இங்க் பேட், பூப்போட்டதும் கோடு போட்டதுமாக டிசைன் பேப்பர், ஸ்டாம்பை ஒட்டவைத்து அழுத்துவதற்குக் கண்ணாடி மாதிரி ஒரு கட்டை. இவ்வளவுதான் சாமான். ஸ்டாம்பில் மையைத் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். தேய்த்தால் ஓரமெல்லாம் அப்பிக்கொள்ளும். அட்டையில் வைத்தபிறகு ஆட்டக்கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக எடுக்க வேண்டும். பேப்பர் பறக்கும் என்று சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்திவிடுவேன். என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார்.

எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் வாழ்த்து அட்டை அனுப்பியதில்லை. அப்பாவும் அம்மாவும் திருவாதவூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். பொங்கல் சமயத்தில் என்னோடு படித்த பிள்ளைகளுக்குத் தபாலில் அட்டை வரும், வகுப்பில் கொண்டுவந்து காட்டுவார்கள். எனக்கு ஒன்றுகூட வந்ததில்லை. என் பொறாமைக்கு அப்போதே அஸ்திவாரம் போட்டாயிற்று. கொரோனா சமயத்தில் வீட்டில் அடைந்துகிடந்தபோது போனில் வீடியோ பார்த்து இந்தக் கைவேலையைப் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்ததும் ஒவ்வொருவருக்காகச் செய்து கொடுத்தேன். கல்யாண நாள், பிள்ளைப்பேறு, புதுவீடு, பணி ஓய்வு எதுவானாலும் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே செய்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அப்போதுதான் கம்ப்யூட்டர் டீச்சராக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். சௌராஷ்டிரா வீட்டுப் பெண், குடும்பத்துக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். போனில் அம்மாவிடம் அவர்கள் பாஷையில் பேசுவாள். வைத்ததும் எங்களிடம் அசல் மதுரைப் பேச்சு. வந்த மூன்றாம் மாதம் தமிழம்மாவுக்குப் பேத்தி பிறந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அவள் வெள்ளிக்கிழமையே ஒரு அட்டையை நீட்டிவிட்டாள்.

அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நான் கடையில் வாங்கிய ஸ்டாம்பை வைப்பவள். அவள் பென்சில் அழிக்கிற ரப்பரை பிளேடால் செதுக்கித் தன் கையாலேயே ஸ்டாம்ப் செய்திருந்தாள். நான் டிசைன் பேப்பரை வெட்டி ஒட்டுவேன். அவள் வெறும் தாளில் சின்னச் சின்னதாக ஸ்டாம்ப் வைத்து அந்த டிசைன் பேப்பரையே உண்டாக்கியிருந்தாள். எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். நானும் ரசிக்கிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் குறை தேடினேன். அன்று சாயங்காலம் தமிழம்மா அதை மேஜையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனபோது ஸ்கேலை எடுத்து நாலு ஓரத்தையும் அளந்தேன். கணக்கு டீச்சர் அல்லவா. நாலு பக்கமும் சொல்லிவைத்த மாதிரி ஒரே அளவு. ஒரு மில்லிமீட்டராவது கோணியிருக்கக்கூடாதா என்று அழுகை வந்தது.

அதன்பிறகு யாருக்கு என்ன விசேஷம் என்றாலும் அவளிடமே போனார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ராத்திரி பகலாக வீடியோ பார்த்தேன், மாசி வீதிக் கடைகளில் அலைந்து தங்கப்பொடியும் சரிகை ரிப்பனும் வாங்கினேன். செய்ததைக் கொண்டுபோய்க் காட்டினால் நல்லா இருக்கு டீச்சர் என்பார்கள். அவளுடையதைப் பார்த்தால் பேசாமல் இருப்பார்கள். அப்படிப் பேசாமலிருப்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எல்லோரும் போகட்டும், எனக்கு அக்கா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. எங்கள் பள்ளி வேதியியல் டீச்சர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். இருபத்திரண்டு வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறோம். என் டப்பாவைத் திறந்து பிடித்ததை எடுத்துக்கொள்கிற உரிமை அவள் ஒருத்திக்குத்தான். அந்தப் பெண் வந்து சேர்ந்ததற்கு முந்திய வருடம் அக்கா வீட்டுக்காரர் தவறிவிட்டார். மகன் வெளிநாட்டில். காலையில் அவள் வருகிறாளா என்று கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதே எனக்கு வழக்கமாகியிருந்தது.

அவளுக்குப் பணி ஓய்வு வந்தது. எல்லோர் சார்பிலும் கொடுக்கிற பெரிய அட்டை ஒன்று வழக்கமாக உண்டு. அதை அந்தப் பெண்ணே செய்யட்டும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். வேண்டாம், இவள்தான் செய்யணும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன்.

"அந்தப் புள்ளயே செய்யட்டும்டி" என்றாள் அக்கா. "இம்புட்டு வருசமா நீ எல்லாத்துக்கும் செஞ்சுட்ட. அன்னைக்காச்சும் எம்பக்கத்துல சும்மா உக்காரு."

இப்போது நினைத்தால் அது எவ்வளவு பிரியமான பேச்சு என்று தெரிகிறது. அன்று என் காதில் முதல் வரி மட்டும்தான் விழுந்தது. ஊரே அவள் பக்கம் போனபோது பொறுத்துக்கொண்டேன். அக்காவும் போய்விட்டால் எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருமில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பெண் என்னை லைப்ரரிக்குக் கூப்பிட்டாள். ஒரு துணிப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். அரக்கு நிறம். அதன்மேல் அரிசிமணி அளவில் வெள்ளைப் புள்ளிகள், நாலு நாலாகச் சேர்ந்து பூவாகி அட்டை முழுக்க நிறைந்திருந்தன. சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு அடர்ந்த கறுப்புக் கட்டம்.

அந்தக் கட்டத்தில்தான் என் கண் நின்றது. எங்கள் ஊரில் கறுப்புக் கட்டம் போட்ட அட்டை என்றால் கருமாதிப் பத்திரிகை. வேறு எதற்கும் அப்படி அடிக்க மாட்டார்கள். கையில் வாங்கினால் படித்துவிட்டு வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவோம், வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். அக்கா வீட்டுக்காரர் காரியத்துக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு அச்சகத்துக்கு அவள் தம்பியோடு நானும் போயிருந்தேன், அட்டை விஷயம் தெரிந்தவள் என்று. கட்டம் மெல்லிசாக வேண்டுமா தடிமனாகவா என்று அச்சகத்துக்காரர் கேட்டார். மெல்லிசே போதும் என்று சொன்னவள் நான்.

வெளிநாட்டு வீடியோக்களில் இந்த மாதிரி கறுப்பு அட்டையை அடியில் வைத்து ஒட்டுவார்கள், மேலே இருக்கிற நிறம் எடுப்பாகத் தெரியும். நானே பார்த்திருக்கிறேன். சின்னப் பெண் அதைப் பார்த்துச் செய்திருக்கிறாள், நம் ஊரை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கறுப்பை எடுத்துவிட்டுப் பச்சையையோ மஞ்சளையோ வைக்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகாது.

"டீச்சர், பாத்ததும் தெரியுதா?" என்று கேட்டாள். முகமெல்லாம் ஆசை. நிறம் எடுப்பாகத் தெரிகிறதா என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் ஒரு குழி இருந்தது. அவள் அதை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். நான் வழியை விட்டு ஒதுங்கி நின்றேன்.

"தெரியுது. நல்லாருக்கு. எதையும் மாத்தாத" என்றேன்.

அந்த இரண்டு நாளும் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். அக்காவுக்கு மனசு நோகுமே என்று ஒரு பக்கம் நினைப்பேன். நொந்தால் ஆறுதலுக்கு என்னிடம்தானே வருவாள் என்று மறுபக்கம் நினைப்பேன். இந்த இரண்டாவது நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைப்பதற்கில்லை. போன் பண்ணவில்லை. அதற்குப் பதிலாக மேஜையில் உட்கார்ந்து அக்காவுக்கு என் பங்குக்கு ஒரு அட்டை செய்தேன். மஞ்சள் தாளில் செண்பகப்பூ ஸ்டாம்ப், ஓரத்தில் சரிகை ரிப்பன். மங்களகரமாக இருந்தது. வேண்டுமென்றே அப்படிச் செய்தேன்.

விழாவில் அந்தப் பெண் அட்டையைக் கொடுத்தாள். அக்கா கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்வரிசையில் இருந்த பி.டி. மாஸ்டருக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"என்னம்மா இது, கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றார், ஹால் முழுக்கக் கேட்கும்படி.

அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனது. என்னைப் பார்த்தாள். நான் மேடையில் இருந்த பூங்கொத்தைப் பார்த்தேன். டீச்சரிடம் காட்டினேன், நல்லாருக்கு என்றார்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏதோ ஆரம்பித்தாள், முடிக்காமலே இறங்கிப் போய்விட்டாள். அக்கா அட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் நான் போய் மஞ்சள் அட்டையைக் கொடுத்தேன். கூடம் முழுக்கக் கைதட்டல். இதுதான் முறை, இதுதான் அழகு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்த நேரம் எனக்கு ஜில்லென்று இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேருகிறவரை அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்லத் தயாராகத்தான் போனேன், வழியிலேயே வார்த்தைகளையெல்லாம் அடுக்கிவைத்துவிட்டேன். கூடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். அவள் வீட்டுக்காரர் போட்டோவுக்குக் கீழே அந்தக் கறுப்புக் கட்டம் போட்ட அட்டை நிமிர்த்தி வைத்திருந்தது. என்னுடையதைத் தேடினேன். டி.வி.க்குப் பக்கத்தில் மற்ற அட்டைகளோடு அடுக்கியிருந்தது.

கருமாதி அட்டையைப் போய் வீட்டுக்குள் வைத்திருக்கிறாயே அக்கா என்றேன். அவள் உள்ளே போய் ஒரு சேலையை எடுத்துவந்து சோபாவில் விரித்தாள். அரக்குச் சுங்குடி. நாலு நாலு புள்ளியாகப் பூ. ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு பார்டர். அவர் இருந்தபோது கடைசியாக வந்த கல்யாண நாளுக்கு வாங்கிக் கொடுத்ததாம். அதன்பிறகு ஏழெட்டுத் தடவையாவது அவள் அதைக் கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். விழா முடிந்த அன்று சாயங்காலமே அந்தப் பெண் அழுதுகொண்டு வந்து, விளையாட்டு விழாவில் அக்கா அந்தச் சேலையோடு நிற்கிற போட்டோவைப் போனில் காட்டினாளாம். புள்ளிக்குப் புள்ளி எண்ணித்தான் செய்தேன் என்றாளாம்.

நான் சேலையைத் தொட்டுப் பார்த்தேன். நான் அடுக்கிக்கொண்டு வந்த ஆறுதல் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"எல்லாரும் கருமாதியப் பாத்தாங்க" என்றாள் அக்கா. "நீ ஒருத்திதான்டி சேலையப் பாத்திருக்க. பாத்ததும் தெரியுதான்னு அந்தப் புள்ள கேட்டுச்சாம்ல, தெரியுது, எதையும் மாத்தாதன்னு நீ சொன்னியாம். அத அவ சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. அன்னைக்கு மேடையில நீ ஏன் சொல்லாம இருந்த?"

உண்மையைச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அக்கா கோபித்திருப்பாள், பத்து நாள் பேசாமல் இருந்திருப்பாள், பிறகு நான் கொண்டுபோகிற டப்பாவைப் பழையபடி திறந்திருப்பாள். எனக்கு அது தெரியும்.

"அந்தப் புள்ளயே சொல்லட்டும்னு இருந்தேன்க்கா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதும் வாரத்துக்கு ஒருதரம் போகிறேன். யார் வந்திருந்தாலும் அந்த அட்டையைக் காட்டி, இதைப் பார்த்ததும் என் சேலை என்று கண்டுபிடித்தவள் இவள் ஒருத்திதான் என்று சொல்கிறாள். அந்தப் பெண்மேல் எனக்குப் பொறாமை போய்விட்டது. அக்கா சொல்கிற அந்த ஒருத்திமேல்தான் இப்போது வயிறு எரிகிறது.