அண்ணியின் மணிக்கட்டு

மூக்கு ரொம்ப நல்லவள் என்று சொல்லி ஆரம்பிக்க எனக்கு இஷ்டமில்லை. அவளுக்கே அது பிடிக்காது. நல்லவளாக இருந்த காலம் ஒன்று அவளுக்கு உண்டு. அதற்குக் கிடைத்த மரியாதையையும், அப்புறம் அவள் என்ன செய்தாள் என்பதையும்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போதே எனக்குக் கை பரபரக்கிறது, அவ்வளவு கோபம் இன்னும் மிச்சமிருக்கிறது.

பெரிய மூக்கெல்லாம் கிடையாது அவளுக்கு. முகத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அது வேலை செய்கிற விதத்துக்காகத்தான் தெருவே அவளை அப்படிக் கூப்பிட்டது. உள்ளே நுழைகிறபோதே, "என்னடி, காலையில பால அடி பிடிக்க விட்டியா?" என்பாள். மறுத்துப் பிரயோஜனமில்லை.

கடைத்தெருவில் இன்று குடைகள் விற்கிறார்களே, அந்த இடம்தான் அப்போது அவளும் அவள் அண்ணனும் சேர்ந்து நடத்திய வாசனைத் தைலக் கடை. முன்பக்கம் கண்ணாடி அலமாரி, கல்லா, அண்ணன். பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஜாடிகள், மூக்கு. அந்தப் பின்னறைக்கும் என் தையல் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர் மட்டும்தான். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். என் மிஷின் நின்றால், "நூல் அறுந்துபோச்சா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

கடையில் இருந்த தைலங்களில் ஒன்றுதான் அவள் பெற்ற பிள்ளை. தேனெண்ணெய். தேன் பிழிந்த அடையை இளஞ்சூடான எண்ணெயில் போட்டு ஊறவைப்பாள். அப்புறம் குந்திரிக்கப் பிசின், வெட்டிவேர், கற்பூரவல்லி இலை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, வடிகட்டி, மறுபடி ஊறவைத்து, பொறுமை இல்லாதவர்களைப் பைத்தியமாக்குகிற வேலை. அது முடிந்தாலும் முடிந்தது என்று சொல்லமாட்டாள். "புட்டிக்குள்ள மோந்து பார்த்து என்ன ஆகப்போகுது? ஆள் மேல போட்டுப் பார்க்கணும்" என்று எங்கள் கைகளைத் தேடி வருவாள்.

மதியம் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைப்பாள். தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது. கடை மூடுகிற நேரத்தில் வந்து கையைப் பிடித்து இழுத்து முகர்வாள். என் கையில் அந்தத் தேன் கருகின சர்க்கரையாகிவிடும், கூடவே கொஞ்சம் இருமல் மருந்து வாசனை. "உன் வாய் மாதிரியே இருக்கு உன் தோலும்" என்பாள். எதிர்க்கடை இஸ்திரிக்காரர் கையில் தேன் நிற்கவே நிற்காது, புகை மட்டும் மிஞ்சும். பள்ளிக்கூட டீச்சர் கையில் பச்சிலை தூக்கலாக வரும், மழை விட்ட தோட்டம் போல. மூக்கின் சொந்தக் கையிலோ ஒன்றுமே வராது. அவள் தோல் வாசனையை அப்படியே குடித்துவிடும். தான் செய்ததைத் தன் மேல் ஒரு நாளும் முகர்ந்ததில்லை அவள்.

அவள் நினைத்தபடியே அந்த எண்ணெய் மணத்தது ஒரே ஓர் ஆள் மேல்தான், அவள் அண்ணன் மேல். அவன் கையில் முதலில் தேன் வரும், திகட்டாத தேன். அது அடங்க அடங்கக் குந்திரிக்கப் புகை மெல்ல எழும்பி வரும். கடைசியில் இரண்டும் பிரிக்க முடியாமல் ஒன்றாகி நிற்கும். நானே அவன் கையை முகர்ந்துவிட்டுப் பேச்சில்லாமல் நின்றிருக்கிறேன், எனக்குப் பேச்சு நிற்பது எவ்வளவு அபூர்வம் என்பது தெருவுக்கே தெரியும். "இதுதான்டி. இதுக்காகத்தான் இவ்வளவு பாடு" என்பாள் மூக்கு.

கடைக்கு வருகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். ஒரு சொட்டு வைத்து, "கடைத்தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவாள். திரும்பி வந்ததும் முகர்வாள். ஒத்துவரவில்லை என்றால், "இது உங்களுக்கு வேணாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லி வேறொன்றைக் கொடுப்பாள். வாங்கிப்போனவர்கள் மறுபடி வராமல் இருந்ததில்லை.

அப்புறம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. அண்ணி வந்தாள். அழகி, வாயாடி, யார் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். வந்த வாரத்திலேயே, "உங்க தேனெண்ணெயப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க, எனக்கும் போட்டு விடு" என்று கையை நீட்டினாள். மூக்கு ஆசையாகத்தான் வைத்துவிட்டாள்.

கடை மூடுகிற நேரத்தில் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னடி?"

"அண்ணி கையில தேன் திரிஞ்சுபோச்சுடி."

"திரிஞ்சுபோச்சுன்னா?"

"பூனை ஒண்ணுக்குப் போன சாக்கு மாதிரி அடிக்குது."

நான் சிரித்த சிரிப்பில் ஊசி கீழே விழுந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. தேனுக்கு இப்படி ஒரு குணம் உண்டாம், சில பேர் தோலில் பட்டால் தலைகீழாகிவிடுமாம். அது அவர்கள் தப்பில்லையாம்.

"போய்ச் சொல்லிடு, இதுல என்ன இருக்கு?" என்றேன்.

"கல்யாணமாகி வந்த புதுசு. எப்படிச் சொல்றது? அண்ணன் மனசு கஷ்டப்படும்."

சொல்லாமல் அவள் செய்த காரியம்தான் இந்தக் கதைக்கே காரணம். தேன் துளியும் இல்லாமல், ரோஜாவும் சாம்பிராணியும் வேறென்னவோ சேர்த்துத் தனியாக ஒன்று கலந்தாள். தேனெண்ணெய்ப் புட்டியிலேயே ஊற்றி, அதே லேபிளை ஒட்டி, "இது உங்களுக்குன்னே எடுத்து வச்சது அண்ணி" என்று கொடுத்தாள். தீரத் தீர நிரப்பிக் கொடுத்தாள். அண்ணி நடந்துபோனால் கடை வாசலில் பெண்கள் திரும்பிப் பார்த்து, என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். "எங்க தேனெண்ணெய்தான்" என்பாள் அண்ணி, பெருமை தாங்காமல். மூக்கு பின்னறையில் இருந்தபடி என் சுவரைத் தட்டுவாள். நானும் பதிலுக்கு ஒரு தட்டு தட்டுவேன். வருஷக்கணக்கில் இப்படியே போயிற்று.

அண்ணிக்கு ஒரு குறை இருந்தது. வந்தவர்களைத் தெருவைச் சுற்ற அனுப்புவதும், வேண்டாம் என்று சொல்வதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "வாங்க வந்தவங்கள விரட்டுற கடை உலகத்துலயே இது ஒண்ணுதான். எனக்கு எவ்வளவு நல்லா இருக்கு, மத்தவங்களுக்கு மட்டும் எப்படி நல்லா இல்லாமப் போகும்?" என்பாள். அவள் பக்கம் நின்று பார்த்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இதற்குமேல் அவளுக்கு நியாயம் பேச என்னால் முடியாது.

ஒரு நாள் காலை மூக்கு வேலைக்கு வந்தபோது பின்னறைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அவளுடைய புனல், வடிகட்டும் துணி, உட்காரும் சிறிய ஸ்டூல் எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் என் வாசலில் கிடந்தன. நானும் அவளோடு முன்பக்கம் போனேன்.

"கலக்கறதுக்கு ஆள் போட்டாச்சு. நீ வீட்டுல ரெஸ்ட் எடு" என்றாள் அண்ணி, அதே சிரித்த முகத்தோடு.

மூக்கு அண்ணனைப் பார்த்தாள். அவன் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா?"

"கொஞ்ச நாளைக்குத்தான், பாப்பா" என்றான் அவன், கண்ணாடியைப் பார்த்து.

அந்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வந்தாள். வழக்கம்போல மூக்கிடம் கையை நீட்டினாள். அண்ணி நடுவில் புகுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இங்க வாங்க டீச்சர். அவ இங்க கலக்கற வேலைக்கு இருந்தவ. இனிமே எல்லாம் நான்தான்."

வேலைக்கு இருந்தவளாம்! அந்தக் கடைக்கு முதல் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் மூக்கு. அலமாரிக்கு வார்னிஷ் அடித்தவள் மூக்கு. அண்ணனுக்குக் கல்யாணம் முடியட்டும் என்று தன் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, கடைசியில் பேச்சே இல்லாமல் ஆக்கிக்கொண்டவள் மூக்கு. கத்திரிக்கோல் என் கையில் இல்லாமல் போனது நல்லதுதான்.

அன்றிலிருந்து அவள் என் அறையில் உட்கார்ந்து கொக்கி தைத்தாள். கோணல்மாணலாகத் தைப்பாள், நான் பிரித்துத் தைப்பேன். ஒரு நாள் நானாகத்தான் கேட்டேன்.

"ஆமா, அண்ணி புட்டியில இன்னும் எவ்வளவு இருக்கும்?"

அவள் தலை நிமிர்ந்தாள். பல நாளைக்கு அப்புறம் அப்போதுதான் சிரித்தாள். பார்க்க நல்ல சிரிப்பு இல்லை அது.

"பாதிக்குக் கீழ" என்றாள்.

காத்திருந்தோம். நான் ஒளிக்கவில்லை, அவ்வளவு ருசியாக நான் எதற்கும் காத்திருந்ததில்லை. ஒரு மத்தியானம் கொக்கி தைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. பலகைச் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"தீர்ந்துபோச்சு. ஜாடியிலேருந்து நிஜத் தேனெண்ணெய எடுத்துப் போட்டுக்கிட்டா."

அடுத்து நடந்ததையெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே கேட்டோம். உள்ளே வந்தவர்கள் அவசரமாக வெளியே போனார்கள். "கடைக்குள்ள பூனை குட்டி கிட்டி போட்டிருக்காம்மா?" என்று இஸ்திரிக்காரர் அக்கறையாக விசாரித்தார். அண்ணி தரையைக் கழுவினாள், ஃபினாயில் ஊற்றினாள், அலமாரியை நகர்த்தி எலி தேடினாள். நாற்றம் போகவில்லை என்று ஜனங்கள் முகத்தைச் சுளிக்கவும், அதை அமுக்குவதற்காகத் தன் மேல் இன்னும் கொஞ்சம் தேனெண்ணெய் போட்டுக்கொண்டாள். நாள் பூராவும் அதிலேயே கிடப்பவளுக்கு அது தெரியவில்லை. நல்ல வாசனை என்று எடுத்த எடுப்பிலேயே நம்பிவிட்டவளுக்கு எப்படித் தெரியும்? நான் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

சிரிப்பு நின்றது டீச்சர் வந்த அன்றைக்கு. ரவிக்கை அளவு கொடுக்க வந்தவள், "அந்தப் பூனை எண்ணெய நான் தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள், சாதாரணமாக. ஊரே அதற்கு அப்படித்தான் பெயர் வைத்திருந்ததாம்.

டீச்சர் போனதும் மூக்கு விரலைச் சூப்பினாள். ஊசி ஏறியிருந்தது.

"அது என் எண்ணெய்டி" என்றாள்.

"அப்பப் போய்ச் சொல்லு. இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. அவ போட்டுக்க வேணாம், அண்ணன் கையில போட்டு முன்னாடி நிக்க வைக்கட்டும். ஒரே நாள்ல பேரு மாறிடும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வேலைக்கு இருந்தவன்னு சொன்னாளே, அத அவ வாயாலேயே திருப்பி எடுக்கட்டும். அன்னிக்கே சொல்றேன்."

எண்ணெயா, அந்த வார்த்தையா என்று அவள் தராசில் வைத்துவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர்கள் இரண்டு பேரும் ஒரு பிற்பகல் என் அறைக்கு வந்தார்கள். அண்ணி முதலில், பின்னால் அண்ணன். அவள் உள்ளே வந்ததும் அறையில் மூச்சு விட முடியவில்லை. தைத்து மாட்டியிருந்த துணிகளை நினைத்துக் கவலையாக இருந்தது. அண்ணியின் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், பாவமாகக்கூட இருந்தது.

"ஜாடியில நீ ஏதாவது கலந்து வச்சிட்டுப் போனியா?" என்றாள்.

"இல்ல அண்ணி."

"அப்ப ஏன் ஒருத்தரும் உள்ள வரமாட்டேங்கறாங்க? நீயே பாரு." கையை நீட்டினாள். "எங்ககிட்ட இத்தனை வருஷம் வேலை செஞ்சவ நீ. அந்த நன்றிக்காவது உண்மையச் சொல்லு."

நான் மிஷினை நிறுத்தினேன். மூக்கின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அது வரைக்கும் சொல்லிவிடத்தான் இருந்தாள் என்று சத்தியம் செய்வேன்.

அவள் குனிந்து அந்த மணிக்கட்டை முகர்ந்தாள். நிதானமாக, ஜாடி முன்னால் உட்கார்ந்திருப்பது போல முகர்ந்தாள். அப்புறம் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அண்ணி பக்கத்திலேயே உட்காருகிறவன், அவள் பக்கத்திலேயே படுக்கிறவன். தான் சொல்ல தைரியமில்லாததைத் தங்கை சொல்லட்டும் என்றுதான் கூட்டி வந்திருந்தான். பாப்பா, நீயே சொல்லிடேன் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

"என்னை ஏன் அண்ணி கேக்கறீங்க?" என்றாள் மூக்கு. "நான் கலக்கற வேலைக்கு இருந்தவ. எப்பவும் கூடவே இருக்கறது அண்ணன். அவரக் கேளுங்க."

அண்ணி புருஷன் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. எப்படி இருக்கு?"

அவன் என் மிஷினைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். துடைப்பதற்குக் கண்ணாடி ஒன்றும் அகப்படவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"அப்புறம் என்ன?" என்றாள் மூக்கு. "வெயில் காலம், வாசனை சீக்கிரம் பறந்துடும். இன்னும் ரெண்டு சொட்டு கூடவே போட்டுக்குங்க அண்ணி."

அண்ணி என்னையும் பார்த்தாள். "கமகமன்னு இருக்கு" என்றேன் நான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவள் படி இறங்கினாள். அண்ணன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். புட்டிகளுக்கு ஊற்றியபோது சிந்தியிருக்க வேண்டும், அவன் கையில் எண்ணெய் பட்டிருந்தது. அப்புறம் அவனும் அவள் பின்னாலேயே இறங்கிப் போனான்.

அண்ணியின் நெடி அவளோடு வெளியே போனதும் அவன் பிடித்திருந்த நிலையிலிருந்து அந்த வாசனை வந்தது. முதலில் தேன். அப்புறம் மெல்ல மெல்லப் புகை. அப்புறம் இரண்டும் ஒன்றாக. மூக்கு எழுந்துபோய் வாசல் நிலையருகே நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு நேரம் அவள் எதையும் முகர்ந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் வந்து உட்கார்ந்து, கொக்கியையும் ஊசியையும் கையில் எடுத்தாள்.

"அந்த ஃபேனப் போடுடி" என்றாள்.